ஒரு மூடி அளவு

ஊரப்பாக்கம்,
நவம்பர் 16.

ஜோஷ்வா அப்பாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். போனில் நீங்கள் இருமினால்கூடப் பிள்ளைகள் காதில் விழும். பின்தெரு கலைவாணன் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ரூமில் ஆள் இல்லாதபோது படியுங்கள்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பீர்களே, வரும். அக்டோபரில் ஜோஷ்வாவுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. ஒன்பது நாள் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். இருபத்துமூன்று வயதில், குடியால்.

பதறாதீர்கள், இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ரூமுக்குள் தூங்குகிறான், நான் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிறுசேரி வேலைக்குப் போன புதிதில் சனிக்கிழமை மட்டும் ஆபீஸ் பையன்களோடு மாமல்லபுரம் பக்கம் ரூம் போட்டுக் குடித்துவிட்டு வருவான். வயசுப் பையன், சம்பாதிக்கிறான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வாரம் ஒரு நாள் என்பது இரண்டாகி, பிறகு நாள் கணக்கே இல்லாமல் போனது. காலையில் சட்டைக்குப் பட்டன் போடும்போது கை நடுங்கியது. உடம்பில் இரத்தம் இல்லை என்று நினைத்து முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தேன். உங்கள் பெண்டாட்டி எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். ஆபீஸ் கேபில் அவன் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலைச் சின்னவள் ஜெனிஃபர் தெரியாமல் எடுத்து ஒரு வாய் குடித்துத் துப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கடப்பாக்கத்திலிருந்து அன்பரசி அக்காவை வரவழைத்தேன். மூன்று நாள் உபவாச ஜெபம் செய்தோம். சபையில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவனோடு ரூமுக்குள் உட்கார்ந்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதல் நாள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊருது, துடைம்மா என்றான். ஒரு எறும்பும் இல்லை. "பிசாசு வெளிய போவுதுடி, வுடாத, ஜெபம் பண்ணு" என்றாள் அக்கா. நானும் நம்பினேன். அவன் நடுக்கம் கூடக் கூட என் சத்தமும் கூடியது. தண்ணீர் கேட்டான். உபவாசம் முறியக் கூடாது என்று கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வலிப்பு வந்து கண் மேலே செருகிக்கொண்டது. அப்போதும் நான் அவன் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் மாறியதைக் கேட்டு வெளியே நின்ற ஜெனிஃபர் கதவை இடி இடி என்று இடித்தாள். நான் திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் கீர்த்தனா என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகும், மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்றாள். "ஜெபம் பண்ணுங்கம்மா, வேணாங்கல. இங்க கூட்டிட்டு வந்து பண்ணுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெற்ற பிள்ளையை என் கையாலேயே கொன்றிருப்பேன்.

பிறகு அவனிடம், முதன்முதலில் எப்போது குடித்தாய் என்று கேட்டாள். ஆபீஸ் பையன்கள் பேரைச் சொல்வான், அவர்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். "பதிமூணு வயசுல. கிறிஸ்மஸுக்கு எங்கப்பா ஒரு மூடி ஊத்திக் குடுத்தாரு" என்றான். குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமான நாளைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, பெட்டியைத் திறந்து ஃபாரின் பாட்டிலை எடுத்தீர்கள். ஆம்பளப் பிள்ளைக்குப் பதிமூணு ஆயிடுச்சு என்று மூடியில் ஊற்றிக் கொடுத்தீர்கள். அவன் இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது, எல்லாரும் கைதட்டினோம். வறுத்த மீன் தட்டோடு நின்றவள் நான். போட்டோ எடுத்தவளும் நான். அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்த வருஷம் அக்கா மகன் பிரவின்குமாருக்குப் பதிமூன்று. சித்தப்பா எனக்கு எப்போ ஊத்துவாரு என்று இப்போதே கேட்கிறான்.

ஜோஷ்வா ஒழுங்காக மாத்திரை போடுகிறான். வாரம் ஒருநாள் ட்ரெயினில் செங்கல்பட்டுக்குப் போகிறோம். நாற்பது நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் பாத்ரூமில் ஐந்து நிமிஷம் கூட இருந்தால் கதவைத் தட்டுகிறேன். அவன் குடித்து வைத்த டம்ளரை மோந்து பார்க்கிறேன். அவனுக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "அப்பா லீவுக்கு வர்றப்போ நான் கடப்பாக்கத்துல பெரியம்மா வூட்ல இருந்துக்கிறேம்மா" என்றான். அப்பா மேல் என்ன கோபம் என்றேன். "கோவம்லாம் இல்லம்மா. அப்பா பெட்டியத் தொறக்கறப்போ நான் இங்க இருக்கக் கூடாது. எனக்கு பயமா கீது" என்றான். இரண்டு வருஷம் கழித்து வருகிற அப்பாவைப் பார்க்காமல் ஓடப் பார்க்கிறான், உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை.

அதனால் கேட்கிறேன். பாட்டில் வாங்காதீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வந்ததும் பெட்டிச் சாவியை ஜோஷ்வா கையில் கொடுத்து, அவனையே திறக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காலையில் நீங்கள் வீடியோவில் பேசும்போது படம் ஆடுகிறது. நெட் சரியில்லை என்கிறீர்கள். ராத்திரி பேசும்போது ஆடுவதில்லை. முன்பெல்லாம் நானும் நெட் என்றுதான் நம்பினேன். இப்போது பட்டன் போடுகிற கையைப் பார்த்துவிட்டேன்.

உங்கள் ரோஷம் எனக்குத் தெரியும். இதைப் படித்ததும், இன்றோடு விட்டேன் என்று ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்துவிடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். அங்கே கதவை இடிக்க ஜெனிஃபர் இல்லை. கலைவாணனிடம் பாதி சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் கூட்டிப்போவான், அவனோடு போங்கள். மெதுவாக விட்டால் போதும், உயிரோடு வந்து சேருங்கள்.

இவன் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து சேரும்வரை உங்கள் கையைக் கர்த்தர் பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்
ஜெசிந்தா