கையில் சப்பாத்து

ஈஸ்ட் ஹாம்
9.6.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

போன ஞாயிறன்று கடற்கரையோரம் நூறு வருடப் பழமையான கோல்ஃப் மைதானத்தில் ஒரு விருந்து. கோப்பை கழுவ எங்களை வேனில் கூட்டிப்போனார்கள். கை ஓய்ந்ததும் கடலைப் பார்க்க நடந்தேன். கம்பளம் போன்ற புல்லில் கால் வைத்ததும் ஒரு கிழவர் கத்தினார். சப்பாத்தோடு மிதித்ததற்குத்தான் ஏசுகிறார் என்று நினைத்து, கழற்றிக் கையில் பிடித்தபடி தொடர்ந்து நடந்தேன்.

கூட வேலை செய்யும் ஆனந்தராஜா அண்ணை ஓடிவந்தார். “டேய், அவர் பந்தடிக்க வழி விடச் சொல்லுறாரடா!”

கிழவரும் சிரித்துவிட்டார்.

செல்வமலர் அக்கா லண்டன் வரும்போது என் பழைய ரப்பர் செருப்பைக் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிறது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வெறுங்காலில் மண் பட்டது, அம்மா. அன்று கால் கழுவாமலே படுத்துவிட்டேன். ஏசாதேங்கோ.

மகன்,
குகநேசன்