இதுவும் உள்ளே

ஏய், உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை! இன்று காலை நம் தியானத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சேலத்துக்காரி, ஐ.டி. வேலை. வந்தவள் நேரே உன் பாயில் உட்கார்ந்து, பையிலிருந்து ஆரஞ்சு நிற இயர்பிளக்கை எடுத்துக் காதில் செருகினாளே பார்க்கணும், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துவிட்டது.

நானும் அப்படித்தானே வந்தேன்? கார்மெண்ட்ஸில் மெஷின் இரைச்சலுக்காகக் கொடுத்ததை பெங்களூர் நீலசந்திராவில் இந்த மொட்டைமாடிவரை கொண்டுவந்தேன். என் காதிலிருந்து அதை நீதான் பிடுங்கினாய். "காதை அடைச்சிட்டு யாரைடி தேடுற? ஹாரன் அடிக்கிறவனும் அவருக்குள்ளதான் அடிக்கிறான்."

கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறார், எல்லாம் அவருக்குள் இருக்கிறது, அப்படியும் அவர் அதோடு தீர்ந்துவிடுவதில்லை என்பாய். "இன்னும் மிச்சம் இருக்காருடி!" ஆகவே எந்தச் சத்தத்தையும் துரத்தக் கூடாது. மூச்சை இழுத்து, மனசுக்குள் 'இதுவும் உள்ளே' என்று சொல்லணும், அவ்வளவுதான் பயிற்சி. குக்கர் விசில், பால் வண்டி, எல்லாம் உள்ளே. கீழ்வீட்டு ஆன்ட்டி "பேக பாரோ!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி மகனை டியூஷனுக்கு விரட்டும்போது மட்டும் நீயே சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவாய்.

நீ போன பிறகு அந்த வார்த்தை என் வாயில் வரவேயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த வண்டிச் சத்தத்தை எப்படியடி உள்ளே சேர்ப்பேன்? உன்மேல் கோபம், உன் கடவுள்மேல் அதைவிடக் கோபம். உன் பாயை மட்டும் விரித்து வைப்பேன், யாரையும் உட்கார விடமாட்டேன். ஒன்பது பேர் நான்கு பேரானோம். இன்றோடு நிறுத்திவிட்டு, மாடிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்தப் பெண்ணை எழுப்பத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்து மனையில் போர்வெல் போட ஆரம்பித்தார்களே! மாடியே அதிர்ந்தது. "அக்கா, இன்னிக்கு வேணாம், போயிடலாம்" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "உட்காருங்க! இதுவும் உள்ளே!" என்று கத்தினேன். மனசுக்குள் இல்லை, அந்த இரைச்சலுக்கும் மேலே! புதுப்பெண் மிரண்டுபோய் இயர்பிளக்கைக் கழற்றினாள். அப்புறம் அவளும் கத்தினாள், மற்றவர்களும் கத்தினார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி, "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறிக்கொண்டு மேலே ஓடிவந்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளும் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தேன். உன் பாயில் வேறொருத்தி. வலித்தது. மூச்சை இழுத்து, 'நீ இல்லாததும் உள்ளே' என்றேன். பொய்யாகத் தோன்றவில்லையடி.

சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பெண் இயர்பிளக்கை உன் பாயிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். ஃபோன் பண்ணினால், "இருக்கட்டும் அக்கா, அடுத்த ஞாயிறு வரேன்" என்கிறாள். உன் பாயை அவளுக்கே விரிக்கப் போகிறேன்.