வெள்ளிக்கிழமை போட்ட கையெழுத்து

நவ. 7, வெள்ளி

குளிர். தூறல். காப்பெல் ஊரில் டாக்டர் வீட்டு வேலை முடிந்தது. கிச்சன், இரண்டு பாத்ரூம், ஹால். அத்தனை டைலும் நானும் என் ஹெல்ப்பர் லூயிஸும் போட்டது. முழங்கால் என்னுடையது இல்லை.

மூர்த்தி அண்ணன், மெயின் கான்ட்ராக்டர், கரூர்க்காரர், கார் பானெட்டில் இரண்டு பேப்பர் விரித்தார். பணம் வராவிட்டால் வீட்டின் மேல் லீன், அதாவது கடன் பாத்தியதை, போடும் உரிமை எனக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கும் பேப்பர்கள். ஒன்று, 'பணம் வந்தால் விடுகிறேன்.' மற்றது, 'பணம் வந்துவிட்டது, விட்டேன்.' டாக்டர் இரண்டாவதைத்தான் கேட்கிறாராம்.

செக் எங்கே என்றேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றீங்களா? திங்கக்கெழம மொத செக் உங்களுக்குத்தான்."

நியாயம். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உப்புகூடக் கடன் தரமாட்டோம். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டேன். பேனாவும் அவருடையதே.

நவ. 10, திங்கள்

வெயில். வேன் டயர் பார்க்கணும். மனைவி கமலாவுக்கு மாத்திரை. மூ.அ.வுக்குப் பதினோரு போன் கால். எல்லாம் வாய்ஸ் மெயில்.

நவ. 12, புதன்

தமிழ்ச் சங்கத்து ஆன்ட்டி ஒருத்தர் கமலாவிடம் சொன்னது: மூ.அ. கம்பெனியை மூடிவிட்டார், குடும்பத்தோடு ஊருக்குப் போயாச்சு. ஃப்ரிஜ்ஜை விற்றதுகூடத் தெரிந்திருக்கிறது. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

டாக்டருக்கு போன். மரியாதையான மனுஷன். "உங்க கையெழுத்தப் பாத்துட்டுதாங்க மொத்தத்தையும் மூர்த்திக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணேன்" என்றார். வெள்ளிக்கிழமையேதானாம். வருகிற லட்சுமிக்கு நாள் கிழமை கிடையாது போல.

நவ. 13, வியாழன்

பிளானோவில் வக்கீலம்மா. அரை மணி இலவசம், பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. பணம் தராமல் இந்தப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பதையே டெக்ஸஸ் சட்டம் தடுக்கிறதாம். சந்தோஷப்பட்டேன், ஒரு நிமிஷம். ஆனால் போட்டுவிட்டால் போட்டதுதான், பணம் வராவிட்டாலும் செல்லும். வீட்டின் மேல் கை வைக்க முடியாது. மூ.அ. மேல் கேஸ் போடலாம், ஆள் கிடைத்தால். இதெல்லாம் அந்தப் பேப்பரிலேயே தலைப்புக்குக் கீழே அச்சடித்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்.

மகளிடம் சொன்னேன். "அப்பா, டிட் யூ ஈவன் ரீட் இட்?"

இருபது வருஷம் சாஃப்ட்வேரில் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

நவ. 14, வெள்ளி

லூயிஸ் வந்தான். மூன்று வாரக் கூலி. வாடகை நாள் தாண்டிவிட்டது, வீட்டுக்காரன் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வேன் விற்றதும் தருகிறேன் என்றேன். வேனுக்குள் ஏறி, தன் டைல் கட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

நவ. 16, ஞாயிறு

டாக்டர் வீட்டுக் கிரகப்பிரவேசம். போகாதே என்றாள் கமலா. போகாவிட்டால் நாலு பேர் பேசுவார்கள். போனதால் நாற்பது பேர். "ஃப்ளோர் யாரு போட்டது, கண்ணாடி மாதிரி இருக்கே" என்று ஓர் அங்கிள். நான்தான் என்றேன். கார்டு வாங்கிக்கொண்டார். வேனை விற்கப்போகிறவன் கார்டு. கேசரி இரண்டு தடவை.

கிளம்பும்போது டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். பாதியாவது தருவார் என்று நினைத்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு டைலைக் காலால் தட்டிக் காட்டினார். உள்ளே காலியாகச் சத்தம். வாரண்டி உண்டுதானே என்றார்.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டர் வாடகைக்கு எடுக்கணும்.