காருக்குச் சபதம் கிடையாது

செம்பூர்,
வியாழக்கிழமை

செல்லப் பெண் ஷ்ருதிக்கு அம்மா எழுதுவது. நானும் சுகம், உன் அப்பாவும் சுகம், ஆனால் இருவரும் ஒரே வீட்டில் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, முழுதும் படி. ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம், போன மாதம் பால்காரனைத் திட்டி எழுதியது குடும்பக் குழுவில் போய் விழுந்து ஊரே கைகூப்பும் பொம்மை அனுப்பியது, அந்தக் குழுவில் உன் பெரியப்பாவும் இருக்கிறார். ஆகவே எழுத்துக் கூட்டியாவது நீயே படித்துக்கொள்.

நம் குன்று எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆட்டோக்காரர்கள் அடிவாரத்தில் நிறுத்தி, ஊப்பர் நஹி ஜாயேகா, மேலே போகாது என்கிறார்கள், குழாய்த் தண்ணீரும் அதையேதான் சொல்கிறது. பில்டர் விளம்பரத்தில் போட்டிருந்த கடல், எதிரே புது டவர் எழும்பிய பிறகு, பால்கனியின் இடது மூலையில் ஒரு முழம் தெரிகிறது, அதுவும் புகைக்கூண்டுகளுக்குப் பின்னால், நீர் இறங்கிவிட்டால் வெறும் சேறு. யார் வந்தாலும் உன் அப்பா அந்த மூலைக்கு அழைத்துப்போய், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, தெரிகிறதா என்பார். தெரிகிறது என்று சொன்னால்தான் காபி. இப்போது குடியிருப்பு சொஸைட்டியில் கடல் பாதுகாப்புக் கமிட்டி போட்டிருக்கிறார்கள், இவர்தான் செயலாளர். பின்னால் இருக்கிற கட்டிடத்துக்குக் கடலை மறைத்ததே நாம்தான் என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னார், அவரைக் கமிட்டியில் சேர்க்கவில்லை.

அந்த ஒரு முழக் கடல்தானே அண்ணன் தம்பியைப் பிரித்தது. கிரகப்பிரவேசத்தன்று பெரியப்பா, இந்த மலைக்குக் காக்காய்கூட வராது என்றார். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, எங்களுக்குக் கடல் தெரியும், உங்கள் கிங்ஸ் சர்க்கிள் தரைத்தளத்துக்குக் கடலே வரும் என்று பந்தியில் வைத்துச் சொன்னார். இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று பெரியப்பா எழுந்து போய்விட்டார், அவருக்காகவே நான் பலாப்பழம் வரட்டிக் கிண்டிய சக்கப்பிரதமனைத் தொடாமல். ஆனால் காருக்குச் சபதம் கிடையாது. மழைக்காலத்தில் ஹை டைடு, கடல் பொங்கும் என்று செய்தி வந்தால் போதும், கீழே அவர் தெருவில் தண்ணீர் ஏறுவதற்குள் அந்தப் பழைய காரை ஓட்டி வந்து நம் கேட்டருகே நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் சாய்நாத்திடம் ஃப்ளாஸ்கில் காபி கொடுத்தனுப்பினால் குடிப்பார், ஃப்ளாஸ்குக்கு வாசற்படி இல்லையாம். உன் அப்பா பால்கனியில் நின்று கடல் பார்ப்பதாகச் சொல்வார், கண் என்னவோ கார்க் கூரைமேல்தான். பெரியம்மா இருந்தவரை எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவள் போன பிறகு அப்படி இல்லை. எழுபத்தாறு வயதில் ஈரம் ஊறிய வீட்டில் ஒண்டியாக இருக்கிறாரே, எப்படியாவது நம்மோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் எனக்கு ஓயாத கவலை. கீழே போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்கள் என்றால் இவர், அண்ணா முதலில் வாயைத் திறக்கட்டும் என்பார்.

போன ஞாயிறு பேய்மழை. பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார். காபி கொண்டுபோன சாய்நாத் இன்டர்காமில் கூப்பிட்டு, கண்ணாடியைத் தட்டினேன், சாப் கண் திறக்கவில்லை என்றான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்கால் வலி என்று ஒரு மாதமாகக் கோயிலுக்குக்கூட வராத உன் அப்பா ஏழு மாடியும் இறங்கிக் குடையில்லாமல் ஓடினார். நான் மேலே நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கார்க் கண்ணாடியை அடித்தார். பெரியப்பா தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான், காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு. கதவைத் திறந்து, "எதுக்குடா நனையறே, உள்ள வந்து உக்காரு" என்றாராம். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. உன் அப்பா சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார். யாரும் யார் வாசற்படியையும் மிதிக்கவில்லை, மானம் இருவருக்கும் பத்திரம்.

மழை விட்டதும் கார் கிளம்பியது, உன் அப்பாவோடு. அண்ணா வீட்டில் புகுந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு வருகிறேன் என்று போன் செய்தார். மறுநாள், தரை காயட்டும் என்றார். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளாக அந்தத் தரை காய்ந்து பார்த்ததில்லை. கமிட்டியிலிருந்து ஆள் வந்தபோது, கடலைக் காக்கிற செயலாளர் தண்ணீர் தள்ளப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று கோபம் வந்து, எப்போதுதான் வருவதாக உத்தேசம் என்று கேட்டேன். "தண்ணியெல்லாம் வடிஞ்சுடுத்து, அம்மிணி. அண்ணா தனியா உக்காந்து சாப்பிடறான், அதான்" என்றார். அதற்குமேல் எனக்குக் கோபப்பட வரவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ரொட்டியோடு நிறுத்தாமல் ஒருவேளையாவது சாதம் வடி. இருவரும் ஈரம் அண்டாமல் நூறு வருஷம் இருங்கள். டிசம்பரில் வரும்போது டாக்ஸிக்காரனிடம் பழக்கத்தில் செம்பூர் என்று சொல்லிவிடாதே, கிங்ஸ் சர்க்கிள் என்று சொல். சாவியைச் சாய்நாத்திடம் கொடுத்தாயிற்று. குக்கரும் உன் அப்பாவின் மாத்திரையும் பையில் இருக்கின்றன. இதைத் தபாலில் போட்டுவிட்டு நானும் இறங்குகிறேன், பெரியப்பா சாப்பிட உட்காருவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

உன் அம்மா,
அம்மிணி