குவாயூலேயும் நீலாவும்

பிப்ரவரி 3, திங்கள்

மணலி ஆய்வகத்துக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு மூட்டை வந்தது. குவாயூலே என்ற பாலைவனப் புதர். காய்ந்த குச்சிகள், வெள்ளி பூசியதுபோல் நுண்ரோமம் மூடிய இலைகள். பட்டையின் செல்களுக்குள் ரப்பர்! மழையில்லாத மண்ணில் நின்று ரப்பர் செய்கிறது. குளிரில் இன்னும் அதிகமாம். பதினெட்டு வருடம் எண்ணெய்க் கழிவையே சோதித்த எனக்கு இது விருந்து.

பிப்ரவரி 4

அரைக்க மாட்டேன் என்றுவிட்டாள் நீலா. மாதிரிகளை அரைத்துத் தருவது அவள் வேலை. மூட்டை மேலிருந்த தாவரப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: பார்த்தீனியம்.

"ரயில்வே லைன்ல மொளைக்கிற கலீஜ் செடிதான மேடம்? அத்த புடுங்கிதான் என் கை வெந்துச்சு."

"ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம், ஒரே பேரினம். ஆனா இது வேற செடி நீலா."

"சொந்தக்காரங்கதான? அந்தக் கொணம் இதுக்கு மட்டும் இல்லாம பூடுமா?"

சிரித்துவிட்டேன். மேலாளர் தேவகிருபை சிரிக்கவில்லை. "வேலை செய்ய இஷ்டமில்லன்னா வீட்டுக்குப் போ." போய்விட்டாள்.

நானே அரைத்தேன். வீம்புக்கு, கையுறைகூட இல்லாமல்.

பிப்ரவரி 7

அரைத்ததைக் கருவியில் சோதித்தேன். களைச்செடியின் நஞ்சான பார்த்தீனின் இதில் துளியும் இல்லை. நான் சொன்னதே சரி.

பிப்ரவரி 15

மணிக்கட்டில் அரிப்பு.

பிப்ரவரி 17

கொப்புளங்கள். அந்தச் சோதனையின் வரைபடத்தை மறுபடி எடுத்தேன். செடியின் பிசினில் உயரமாக ஒரு முகடு — குவாயூலின் ஏ. கினிப்பன்றிகளின் தோலில் கடும் ஒவ்வாமை உண்டாக்கியது என்கிறது ஒரு பழைய ஆய்வு. பார்த்தீனினும் இதுவும் செஸ்கிடெர்பீன் என்ற வேதிப்பொருள் வகை. ஒரே வம்சம்!

செடிமேல் கோபமில்லை. அந்த வெயிலில் தன்னைக் காத்துக்கொள்ள எதையெல்லாம் சமைத்து வைத்திருக்கிறது!

வகைப்பாட்டை மனப்பாடம் செய்தவள் நான். அதை வைத்து யோசித்தவள் நீலா. எந்த வாயால் சிரித்தேன்? சே.

பிப்ரவரி 18

காலடிப்பேட்டையில் நீலா வீடு. கையைக் காட்டினேன்.

"ஐய, இன்னா மேடம் இது! சொறியாதீங்க, அப்பால தாங்காது." ஈரத்துணி கொண்டுவந்து சுற்றினாள்.

"நீ கேட்டதுதான் சரி நீலா. நான் சிரிச்சிருக்கக் கூடாது."

துணியின் முனையைச் செருகினாள். பிறகு, "நீங்க சிரிச்சதுதான் பேஜாராப் போச்சு. அந்தாளு திட்டுனது பழகிப்போச்சு."

பிப்ரவரி 19

நீலா திரும்பாமல் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தேவகிருபையிடம் சொன்னேன். என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். அவரே அவளுக்குப் போன் செய்தார்.

அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: 'தோல் ஒவ்வாமை அபாயத்தை முதலில் சுட்டியவர் நீலா.'

மார்ச் 12

அறிக்கைக்கு, மூட்டை அனுப்பிய நிறுவனத்தின் பதில். இனி எல்லா மூட்டைகளிலும் எச்சரிக்கைச் சீட்டு இருக்குமாம். கடிதத்தின் தலைப்பில் 'மதிப்பிற்குரிய டாக்டர் நீலா அவர்களுக்கு'.

திருத்தம் சொல்லிப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. கடிதத்தை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன்.