இருநூற்றுப் பதினான்கு முறைப்பாடுகள்

மார்ச் 4, 2025 – செவ்வாய்

"இதுக்கு நான் ஒரு வழி யோசிச்சேன்" என்றான் ஜீவன். நானாம்! தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த மிஸ் அவனைப் பாராட்டினார். எங்கள் மனேஜர் அஸ்ஃபரும் தலையாட்டினார். ஜீவன் சிரித்தான். மறுக்கவில்லை. உண்மையில் யோசித்தவள் இரண்டு கதிரை தள்ளி நின்று எல்லாருக்கும் பால் இல்லாத பிளேன்ட்டி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தேயிலைத் தோட்டத்து மக்களின் முறைப்பாடுகளைப் பதிகிற இணையச் செயலி அது. வரிசை வீடுகளான லயன் காம்பராக்களுக்கு ஒரு முறைப்பாட்டு டேபிள், தண்ணீர்க் குழாய்களுக்கு ஒன்று, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்று என்று மூன்று கிடந்தது. மூன்றையும் ஒன்றாக்கியது நான். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம்: எந்த வகை, அதில் எந்த இலக்கம். பொலிமோர்ஃபிக் இணைப்பு என்பார்கள். நாளைக்குப் பாலம், பாதை என்று எது வந்தாலும் அதே டேபிள் போதும். இரண்டு கிழமை மண்டையை உடைத்துச் செய்துவிட்டு ஜீவன் அண்ணாவிடம்தான் முதலில் காட்டினேன். எனக்குப் புத்தி வேண்டும்.

மார்ச் 5

இனி அண்ணா இல்லை. வெறும் ஜீவன்.

மார்ச் 10 – திங்கள்

கடவுள் இருக்கிறார்.

'லயன்' என்ற சொல்லே எங்கும் வரக்கூடாது, எல்லாம் 'வீடு' என்று இருக்கவேண்டும் என்று தொண்டு நிறுவனத்தார் கேட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். லயத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? திரையில் மாற்றினால் போதும். ஆனால் ஜீவன் பெரிய ஆள் அல்லவா, கோடுக்குள் இருக்கிற மொடலின் பெயரையே, செயலி தேடுகிற பெயரையே, மாற்றிவிட்டான்.

பழைய வீட்டு முறைப்பாடுகள் 214இன் வகைக் கட்டத்தில் 'லயன்' என்றுதான் எழுதிக் கிடக்கிறது. அதையும் மாற்றவேண்டும், ஒரு வரிக் கோடு போதும். மாற்றாவிட்டால் 'வீடு' தன் முறைப்பாடுகளைத் தேடும், ஒன்றும் அகப்படாது. பிழை என்று எங்கும் காட்டாது. டேட்டாபேஸும் தடுக்காது, இந்த இணைப்பின் பலவீனமே அதுதான். கட்டியவளுக்கு இது தெரியும். கட்டினேன் என்று சொல்லிக்கொண்டவனுக்கு எப்படித் தெரியும்?

"மாத்தி டெஸ்ட் பண்ணியும் பாத்துட்டேன், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான். புதிதாக ஒரு முறைப்பாட்டைப் பதிந்து பார்த்துவிட்டு அழித்திருக்கிறான்! அது தெரியாமல் எங்கே போகும்?

"சூப்பர்" என்றேன். இருபதாம் தேதி தொண்டு நிறுவனத்தாருக்குச் செயலியைக் காட்டும்போது எல்லார் முன்னாலும் வெறும் திரையைக் காட்டிவிட்டு முழிக்கட்டும்.

மார்ச் 14

"என்னடி, தன்னால சிரிக்கிற? என்ன நடந்தீக்கி?" என்று பக்கத்து மேசை றம்ஸியா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னும் ஆறு நாள்.

மார்ச் 20 – வியாழன்

அவன் முழிக்கவில்லை.

திரையில் வந்தது: குழாய் 61, பிள்ளைக் காம்பரா 18, வீடு 0. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "போன வருஷம் கூரைத் தகடு மாத்தினது நல்லா வேலை செஞ்சிருக்கு. அப்ப மழைக்கு முந்தித் தண்ணி வேலையப் பாப்பம்" என்றார். கை தட்டினார்கள். அவனுக்கு!

போன வருஷம் தகடு மாற்றியது மேல் பிரிவில் பன்னிரண்டு வீட்டுக்கு மட்டும். ஹந்தானைத் தோட்டத்தில் எங்கள் அம்மா வீட்டுக் கூரை பற்றிய முறைப்பாடும் காணாமற்போன அந்த 214க்குள்தான் கிடக்கிறது.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஜீவன் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு அதற்கும் பெயர் வாங்குவான். சொல்லமாட்டேன். இன்னும் பெரிதாக விழட்டும். ஒரு கிழமையில் கூரை ஒன்றும் இடிந்துவிடாது.

மார்ச் 23 – ஞாயிறு

அண்ணன் கிருஷ்ணராஜ் போன் பண்ணினான். "திருத்த வேலைப் பட்டியல் ஒட்டியிருக்காங்க. ஒரு வீடுகூட இல்ல. நீ அங்கதானே வேல செய்ற, கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 25

நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. குசினியில் ஒழுகிக் கிடந்த தண்ணீரில் அம்மா வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நான்தான். வேற யாரு? ஜீவனுக்குத் தெரியாம நடந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு நடந்துச்சு — பதினஞ்சு நாள் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேனே! ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும்.

காலையில் அஸ்ஃபரிடம் போய், பழைய வீட்டு முறைப்பாடுகள் திரையில் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை எழுதினேன். 214ம் திரும்பி வந்தன.

மார்ச் 26

"சுகிர்தா கவனிக்காட்டி நாம இன்னைக்கு முடிஞ்சோம்" என்றார் அஸ்ஃபர், எல்லாருக்கும் கேட்க. இந்த இணைப்பு முழுக்க என் வேலை என்பதையும் றம்ஸியா போட்டு உடைத்துவிட்டாள். செயலி இனி என் பொறுப்பு. கை தட்டினார்கள்.

ஜீவன் படிக்கட்டில் என்னை நிறுத்தினான். "ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

"நேத்துத்தான்."

நான் ஆசைப்பட்ட அதே முகம். மூன்று கிழமை காத்திருந்த முகம். பார்க்க முடியாமல் இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 12 – சனி

புதிய பட்டியலில் நான்காவது எங்கள் வீடு. தகடு போட்டு முடித்துவிட்டார்கள். சித்திரை வருஷப் பிறப்புக்குப் பலகாரம் கொண்டு போனேன். லயத்துச் சனம் எல்லாம் கூரையைப் பார்க்க வந்திருந்தது.

"எங்க சுகி கண்டுபிடிச்சுச் சொல்லாட்டி நம்ம வீடு ஒண்ணுகூட பட்டியல்ல வந்திருக்காது" என்று வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். கனமாக இருந்தது.

நான் சிரித்தேன். மறுக்கவில்லை.