பொறுப்பாளர் பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே பெரிய மெஷின் மக்கர். வடிகுழாயில் யாருடைய கால்சட்டைப் பொத்தானோ, மூன்று. எங்கள் மெஷின்காரர் ஈரத் தரையில் படுத்து எடுத்துக்கொண்டிருந்தபோதே ஓட்டல் வண்டி வந்துவிட்டது. இருநூறு விரிப்பு, நானூறு துவாலை.

துணியோடு ஒரு படிவமும் வந்தது. இனிமேல் வருட ஒப்பந்தமாம். மூன்றாவது கட்டத்தில் ‘பொறுப்பாளர் பெயர், கையெழுத்து’. ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். பதினாறாம் தேதிக்குள் தர வேண்டும். எங்களுக்கு ஏது பொறுப்பாளர்? முதலாளி சலவையகத்தை மூடிவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. வேலை செய்த ஆறு பேரும் சேர்ந்து எடுத்து நடத்துகிறோம். கழிவறை கழுவுவதிலிருந்து ஓட்டலுக்குப் போன் பேசுவதுவரை எல்லாம் முறை வைத்துத்தான். வண்டிக்காரரிடம் விளக்கினேன். “கட்டத்தைக் காலியா மட்டும் விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 4, புதன்

வெள்ளிக்கிழமைத் தேநீரின்போது மற்ற ஐந்து பேருக்கும் வாசித்துக்காட்டக் குறிப்பு எடுத்தேன். அரசே வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றிய அந்தத் தடித்த நூலகப் புத்தகம்தான். அவர்கள் பெயர்கள் எங்கள் வாயில் நுழைவதில்லை என்பதால் தொழிலை வைத்தே கூப்பிடுகிறோம். அச்சுக்கோப்பவர், இளவரசர், பழைய பாதிரியார், தாடிக்காரர். தாடிக்காரருக்குத் தொழில் சிறைக்குப் போவது.

அச்சுக்கோப்பவருக்குச் சொத்து என்றாலே சந்தேகம். ஆனால் அவனவன் புழங்கும் வீட்டையும் கருவியையும் தொடக்கூடாது என்கிறார்; கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடுத்தவன் உழைப்பை அள்ளுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. போன வாரம் இதைச் சொன்னதும் இஸ்திரி அண்ணன், “அப்போ என் பெட்டி என்னோடதுதானே?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். இளவரசர் குளிர் தேசத்தில் விலங்குகளைப் பார்த்துப் பார்த்து, அடித்துக்கொள்வது மட்டுமல்ல, ஒன்றுக்கொன்று உதவுவதும் இயற்கைதான் என்று கண்டுகொண்டவர். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

மார்ச் 6, வெள்ளி

இன்று தாடிக்காரர். எவ்வளவு நல்லவரையும் மற்றவர்களுக்கு மேலே ஏற்றி உட்கார வைத்தால் மூளையும் கெடும், மனசும் கெடும். அரசு, கெட்டவர்கள் கையில் அகப்பட்டதால் கெடவில்லை. நல்லவர்கள் உட்கார்ந்தாலும் அது அப்படித்தான். நன்றாகவே வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முடித்ததும் மெஷின்காரர் படிவத்தை எடுத்து என்னைக் காட்டினார். “அக்கா பேரையே போட்டுடலாம். எவ்வளவு படிச்சிருக்காங்க.” அதே மேசை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கை தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

ஆறு பேரில் ஒருத்தியான என் தங்கை மட்டும் தூக்கவில்லை. கையில் தேநீர் இருந்தது, அதனால் இருக்கும்.

மார்ச் 7, சனி

ஒத்துக்கொள்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. ஒரு தாளில் பெயரும் கீழே ‘பொறுப்பாளர்’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவை. வெட்கக்கேடு.

ஆனால் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? ஓட்டல் போனால் பாதி வேலை போய்விடும். வெறும் பெயர்தான். நான் என்ன அந்த முதலாளி மாதிரியா?

மார்ச் 9, திங்கள்

தங்கை சலவையகத்தை விட்டுப் போகிறாளாம். துணிக்கடையில் பேசி முடித்துவிட்டாள். காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, ஏதோ உப்பு வாங்க வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

“அங்க பத்து பேர் உன்னை அதட்டுவாங்க” என்றேன்.

“அதட்டட்டும். கடையைச் சாத்துனா அவங்க அதட்டலும் முடிஞ்சுடும். உன்கிட்டேர்ந்து எங்க போறது? வீட்டுலயும் நீதான், அங்கயும் நீதான்.”

“நான் எப்பவாவது உன்னை ஏவினேனா?”

“ஏவ மாட்ட. பாப்ப.” கத்தியைக் கீழே வைத்தாள். “போன மாசம் முதுகு வலி, ஒரு நாள் லீவு வேணும். யார்கிட்ட கேக்குறது? முதலாளி இருந்தப்போ மாமாவை மூணு தடவை சாகடிச்சிருக்கேன். உங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது? என் பங்கையும் நீங்கதானே மடிக்கணும். பேசாம வந்தேன். ஏன் இவ்வளவு மெதுவா மடிக்கிறன்னு நீ ஒரு பார்வை பாத்த.”

எனக்குக் கோபம்தான் வந்தது. நாள் முழுக்க இருந்தது.

பழைய பாதிரியார், போலீசும் சிறையும் வேண்டாம், தப்புச் செய்பவனிடம் அக்கம்பக்கத்தார் மனம்விட்டுப் பேசினாலே போதும் என்கிறார். படித்தபோது ஆஹா என்றிருந்தது. அந்த அக்கம்பக்கத்தாரிடமிருந்து எங்கே ஓடுவது? பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் அந்தப் புத்தகத்தில் உண்டு. அரசை இறக்கிவிட்டாலும் சமூகம் என்று இன்னொரு எஜமான் தோளில் ஏறிக்கொள்ளும் என்றவர். கிறுக்கு என்று வாசிக்காமல் தள்ளிவிட்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

அவளுக்கு முதுகு வலி என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

மார்ச் 13, வெள்ளி

இன்று எதுவும் வாசிக்கவில்லை. என் பெயர் வேண்டாம் என்றேன்.

மெஷின்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஓட்டல் போச்சுன்னா? இப்போ போயி பிகு பண்றீங்களே அக்கா.”

“பிகு இல்ல. ரொம்ப ஆசையா இருக்கு. அதனாலதான் வேண்டாங்குறேன்.”

மனிதர்கள் தங்கமானவர்கள் என்பதால் அதிகாரம் வேண்டாம் என்று அந்த ஆட்கள் சொல்வதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இளவரசரைத் திருப்பிப் படித்தால் அப்படியில்லை. நம்மில் யாரும் அவ்வளவு தங்கம் இல்லை, அதனால் யார் கையிலும் கொடுக்காதே என்கிறார். என்னைத்தான் சொல்கிறார். இதை உரக்கச் சொல்ல நினைத்தேன்; அதுவும் ஒரு பிரசங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் இஸ்திரி அண்ணன் பேனாவை எடுத்து அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தன் பெயரை எழுதி அடுத்தவரிடம் நீட்டினார். ஐந்து பெயர். தங்கை இன்றோடு நின்றுவிட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஐந்து பெயர் செல்லாதாம்; ஓட்டல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மெஷின்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நியாயம்தான்.

மார்ச் 28, சனி

மெஷின்காரரே அலைந்து இரண்டு முடிதிருத்தகமும் ஒரு பல் மருத்துவமனையும் பிடித்துவந்திருக்கிறார். ஓட்டல் அளவுக்கு இல்லை, மூச்சு விடலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று முதலில் மனசு சுணங்கியது, பிறகு சரியாகிவிட்டது.

இப்போது லீவு வேண்டியவர் சுவரில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். காரணம் யாரும் கேட்பதில்லை. முதலில் எழுதியது இஸ்திரி அண்ணன். மறுநாள் அவர் பங்குத் துணியை முணுமுணுக்காமல் தேய்க்க எனக்குக் கொஞ்சம் பாடாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 18, சனி

தங்கை வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள். கடையில் உட்காரவே கூடாதாம். காலை முதல் கடை சாத்தும்வரை நின்றபடிதான். போன வாரம் ஒரு மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், ஒன்பது பெண்களும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் ஓடிவந்து, யார் இதற்குத் தலைவி, அவள் மட்டும் எழுந்து வரட்டும் என்று கத்தியிருக்கிறார்.

“யாரு எழுந்தது?”

“யாரும் இல்ல. தலைவி இருந்தாதானே எழுந்திருக்க?” செருப்பைக் கழற்றினாள். “நாலு நாள் அப்படியே பண்ணினோம். இன்னிக்கு ஸ்டூல் வந்துடுச்சு, ஒன்பது.”

“முதல்ல உக்காந்தது யாரு? நீயா?”

“தெரியலக்கா. எல்லாருக்கும் கால் வலிச்சுது.”

ஒரு வெள்ளிக்கிழமைகூட இவள் நான் வாசித்ததைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கொட்டாவிதான் விடுவாள். பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. கூடவே நான்கு யோசனைகளும் வந்தன. அடுத்து என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று. நான்கையும் விழுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடப் போனேன்.

“நீ போயி என் காலையா” என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“நீட்டு” என்றேன். உத்தரவுதான்.

சிரித்துக்கொண்டே நீட்டினாள்.